பலூன் எண்: கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பட்டறை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் தேர்வாய்கண்டிகையிலும், அந்தப் பக்கம் காக்களூர், திருமழிசை எஸ்டேட்டுகளிலும் டிராயிங், ரிப்போர்ட், போட்டோ மூன்றையும் கட்டி மேய்க்கிற நண்பர்களுக்கு,

உங்கள் வேலைக்கு ஒரு கம்பெனியில் ‘டாக்குமென்ட் கன்ட்ரோல்’ என்று பெயர், இன்னொன்றில் கியூசி, சின்னப் பட்டறைகளில் ‘கம்ப்யூட்டர் பொண்ணு’. ஆடிட் வருகிற வாரம் மட்டும் எல்லாருக்கும் உங்கள் பெயர் ஞாபகத்துக்கு வரும். நானும் அந்த நாற்காலியில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவன். ஐடிஐயில் டிராஃப்ட்ஸ்மேன் முடித்து வந்த நாளில் அமோனியா பிரிண்ட் எடுக்கும் அறையில் விட்டார்கள். கண் எரிச்சலோடுதான் தொழில் ஆரம்பித்தது. இப்போது ஓய்வு. பொன்னேரியில் வீடு. ஆனாலும் காலை ரயிலில் ஏறினால் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்கிறார்: “சார், படமும் எழுத்துமா கலந்து கெடக்குது. எல்லாத்தையும் ஒரே எடத்துல ஒழுங்கா வெக்க நல்ல சாஃப்ட்வேர் ஏதாவது இருக்கா?”

பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் கவரைப்பேட்டை ஒன்றுதான். அதற்குள் பதில் சொல்லி முடிவதில்லை. அதனால் இந்த மடல்.

முதலில் நம் குவியலை ஒருமுறை உள்ளபடி பார்த்துவிடலாம். கஸ்டமர் அனுப்பிய பிடிஎஃப் டிராயிங். அதையே நாம் திரும்ப வரைந்த ஆட்டோகேட் ஃபைல். பழைய ட்ரேசிங் ஷீட்டை ஸ்கேன் பண்ணியது, கொஞ்சம் கோணலாக. எக்செல்லில் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட். மில்லிலிருந்து வந்த மெட்டீரியல் டெஸ்ட் சர்டிஃபிகேட், அது பேப்பராகவே. டை உடைந்தபோது எடுத்த போட்டோ. “12.5ஐ 12.3 ஆக்குங்க” என்று கஸ்டமர் போட்ட மெயில். செட்டிங் எப்படிச் செய்வது என்று ஃபோர்மேன் தமிழில் எழுதி மெஷின் மேல் ஒட்டிய தாள். கடைசியாக வாட்ஸப் குரூப். அதில் என்ன இல்லை!

இதில் படம் எது, எழுத்து எது என்று பிரிக்கவே முடியாது. டிராயிங் என்பது பாதி எழுத்து. ரிஜெக்‌ஷன் போட்டோ என்பது எழுத்து இல்லாவிட்டால் வெறும் இரும்பு. ஆனால் நம்மிடம் இரண்டும் தனித்தனி இடத்தில்தான் கிடக்கின்றன. படம் சர்வரில், அது ஏன் மாறியது என்கிற காரணம் மெயிலில், மாறியதை எப்படிச் சமாளிப்பது என்பது ஒருவருடைய மண்டையில்.

எங்கள் பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஒரு ஹப்புக்கு ரிவிஷன் டி வந்திருந்தது. டிராயிங் மெயிலில் வந்து என் கம்ப்யூட்டரிலும் சேர்ந்துவிட்டது. புதிய துளைக்கு டூலை மாற்றிய போட்டோ சூப்பர்வைசர் போனில் இருந்தது. பழைய ஃபிக்சரைத் தொடாதே, ஒரு பக்கம் ஷிம் வை என்று ஃபோர்மேன் அண்ணன் வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். மூன்று தகவலும் பட்டறைக்குள்ளேயே இருந்தன. நைட் ஷிப்டில் ஓட்டியவன் பார்த்தது மட்டும் பலகையில் தொங்கிய ரிவிஷன் சி. 340 பீஸ் ஸ்கிராப். அவனைத் திட்டினோம். திட்டு வாங்கவேண்டியவன் நான்தான் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். வெளியே சொல்ல இத்தனை வருஷம் ஆனது.

வாகன உதிரிபாகம் செய்கிறவர்களுக்கு ஐஏடிஎஃப் 16949 என்கிற தரநிலை இதையெல்லாம் எழுதியே வைத்திருக்கிறது. கஸ்டமர் ஸ்பெசிஃபிகேஷன் மாற்றம் வந்தால் 10 வேலை நாளுக்குள் பார்த்து முடிக்கவேண்டும். பார்ட் உற்பத்தியிலும் சர்வீஸிலும் இருக்கும் காலம் முழுக்க, அதற்குமேல் ஒரு காலண்டர் வருஷம் பிபிஏபி என்கிற பார்ட் ஒப்புதல் ரெக்கார்டுகளையும் டூலிங் ரெக்கார்டுகளையும் வைத்திருக்கவேண்டும். பதினைந்து வருஷம் ஓடும் பார்ட் என்றால் பதினாறு வருஷம். இந்த இடைவெளியில் நீங்கள் எத்தனை கம்ப்யூட்டர் மாற்றியிருப்பீர்கள், எத்தனை பேர் வேலையை விட்டுப் போயிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எந்த சாஃப்ட்வேர் என்கிற கேள்வியை அந்தப் பதினாறு வருஷத்தை வைத்துத்தான் கேட்கவேண்டும்.

சரி, கடைக்குப் போவோம். நான் கையால் போட்டுப் பார்த்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

பெரிய கம்பெனிகள் வைத்திருக்கும் ஆட்டோடெஸ்க் வால்ட், சாலிட்வொர்க்ஸ் பிடிஎம் மாதிரியானவை டிராயிங்குக்கென்றே பிறந்தவை. ரிவிஷனை ஒருவர் திறந்திருக்கும்போது இன்னொருவர் மாற்ற விடாது. நல்ல சாமான். ஆனால் பத்துப் பேர் பட்டறைக்கு அது ஆட்டோவுக்கு ஏர்பிரேக் மாட்டுகிற கதை. போட்டோவையும் வாய்ஸ் மெசேஜையும் அது மாற்றான் பிள்ளையாகத்தான் பார்க்கும்.

படத்துக்கு டிஜிகாம் இருக்கிறது. இலவசம். பல்லாயிரம் போட்டோவைப் போட்டாலும் தாங்கும், ஒவ்வொன்றுக்கும் டேக் போடலாம். அதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், செட்டிங்கில் சொல்லிவிட்டால் அந்த டேக்கைப் போட்டோ ஃபைலுக்குள்ளேயே எழுதிவிடும். நாளைக்கு டிஜிகாமே இல்லாமல் போனாலும் குறிப்பு படத்தோடு போகும். ஆனால் பிடிஎஃப்பையும் எக்செல்லையும் அதனிடம் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

பேப்பருக்கு பேப்பர்லெஸ் என்ஜிஎக்ஸ். இதுவும் இலவசம். ஸ்கேன் பண்ணிப் போட்டால் டெசராக்ட் என்கிற எழுத்துணரியை வைத்து உள்ளே இருப்பதைப் படித்து, தேடினால் கிடைக்கும்படி வைத்துக்கொள்ளும். டெஸ்ட் சர்டிஃபிகேட், டெலிவரி சலான், காலிபரேஷன் ரிப்போர்ட் இதற்கெல்லாம் அருமை. ஒரிஜினல் ஃபைலையும் தொடாமல் வைத்திருக்கும். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தனியாக ஓடவிடவேண்டும், நிறுவுவதற்குக் கொஞ்சம் விஷயம் தெரிந்த பையன் வேண்டும். டிராயிங்கைக் கொடுத்தால் தடுமாறும். செங்குத்தாக எழுதிய அளவு, விட்டக் குறி, டாலரன்ஸ் கட்டம் எல்லாம் அதற்குக் கோலமாகத் தெரிகிறது போலும்.

ஒன்நோட் 2003இலிருந்து இருக்கிறது. வெள்ளைத் தாளில் படத்தை ஒட்டிப் பக்கத்திலேயே எழுதுகிற சுகம் அதில் உண்டு. டூல் ரூம் ஆட்களுக்கு முதல் நாளே பிடித்துவிடும். உள்ளே போவது சுலபம். ஐந்தாயிரம் பக்கம் சேர்ந்தபிறகு வெளியே எடுத்து வேறிடம் போவதுதான் பாடு.

ஜொடேரோவைக் கல்லூரிக்காரர்கள் 2006இலிருந்து ஆராய்ச்சிக் கட்டுரை அடுக்க வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பிடிஎஃப், படம், குறிப்பு மூன்றையும் ஒரே உருப்படியின் கீழ் கோத்து, ஒன்றை இன்னொன்றோடு ‘உறவு’ என்று இணைக்கலாம். நம் வேலைக்கு ஆச்சரியமாகப் பொருந்துகிறது. ஆனால் ஃபைல்களைத் தானே வைத்துக்கொள்ளச் சொன்னால், எட்டெழுத்துக் கிறுக்கல் பெயருள்ள ஃபோல்டர்களுக்குள் போட்டுவிடும். சாஃப்ட்வேர் இல்லாமல் அந்தப் பக்கம் போனால் ஊர் தெரியாத ஊர். ‘லிங்க்’ மட்டும் வைத்து ஃபைலை நம் ஃபோல்டரிலேயே விட வழி இருக்கிறது. அதைத்தான் செய்யவேண்டும். அதே இடத்துப் பிள்ளையான ட்ரோப்பி பழைய ஆவணங்களைப் போட்டோ எடுத்து வைப்பவர்களுக்கானது. பத்துப் போட்டோவைச் சேர்த்து ஒரே உருப்படியாகக் கட்டும். எங்கள் பழைய லெட்ஜர்களுக்கு அதைத்தான் வைத்தேன்.

அப்சிடியன் என்று ஒன்று. குறிப்பெழுதுவதற்கு. எல்லாம் சாதாரண எழுத்து ஃபைலாகவே உங்கள் ஃபோல்டரில் கிடக்கும், நோட்பேடிலும் திறக்கலாம். 2025 பிப்ரவரியிலிருந்து கம்பெனி வேலைக்கும் காசு கட்டவேண்டிய கட்டாயமில்லை. படத்தைக் குறிப்புக்கு நடுவில் வைக்கலாம். கம்ப்யூட்டரில் கை பழகியவர்களுக்கு இது போதும் என்றே சொல்வேன். மற்றவர்களுக்கு, விண்டோஸில் எவ்ரிதிங் என்கிற குட்டித் தேடும் கருவி. ஃபைல் பெயரில் இரண்டெழுத்து தட்டினால் லட்சம் ஃபைலில் இருந்தும் கண்ணிமைக்கும் நேரத்தில் காட்டும். பெயர் ஒழுங்காக வைத்திருந்தால் பாதிப் பட்டறைகளுக்கு வேறு எதுவுமே வேண்டாம்.

பார்த்தீர்களா, இத்தனையிலும் ஒரு குணம் பொது. படத்துக்காகப் பிறந்தது எழுத்தை அடிக்குறிப்பாக்கும். எழுத்துக்காகப் பிறந்தது படத்தை வாலில் தொங்கவிடும். இரண்டையும் சமமாக மடியில் வைத்துக்கொள்கிற ஒன்றைத் தேடி நான் பத்து வருஷம் அலைந்தேன். வாரத்துக்கு ஒன்று இறக்கி, ஆயிரம் ஃபைலை ஏற்றி, பிறகு வெறுத்து. அந்தப் பத்து வருஷமும் என் மேசையிலேயே பதில் கிடந்தது. உங்கள் மேசையிலும் கிடக்கிறது.

பலூன் டிராயிங்.

முதல் பீஸ் இன்ஸ்பெக்‌ஷனுக்கு என்ன செய்வீர்கள்? டிராயிங்கில் ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்திலும் ஒரு வட்டம், அதற்குள் ஒரு எண். ரிப்போர்ட்டில் அதே எண்ணுக்கு ஒரு வரி. படத்தில் 14ஆம் பலூன் என்றால் ரிப்போர்ட்டில் 14ஆம் வரி. துளை எங்கே என்பதைப் படம் சொல்கிறது, எவ்வளவு வந்தது என்பதை வரி சொல்கிறது. படமும் எழுத்தும் வெவ்வேறு தாளில் இருந்தாலும் யாரும் குழம்புவதில்லை. இந்த வித்தையை ஒரு தாளுக்குள் தினமும் செய்கிறோம். அலமாரி முழுக்கச் செய்ய மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

பட்டறைக்குள் வருகிற ஒவ்வொன்றுக்கும், டிராயிங், போட்டோ, மெயில், சர்டிஃபிகேட், அட்டைக் கிறுக்கல் எதுவானாலும், ஒரு ஓடும் எண். 000001இலிருந்து. ஃபைல் பெயர் அந்த எண்ணில் தொடங்கும். பேப்பரானால் மூலையில் அதே எண். எக்செல்லில் ஒரு பதிவேடு, எண்ணுக்கு ஒரு வரி. எந்த சாஃப்ட்வேருக்குள் போட்டாலும் அந்த எண் கூடவே போகும். டிஜிகாமில் போட்டோ 004127, பேப்பர்லெஸ்ஸில் சர்டிஃபிகேட் 004126, அதன் வரியில் ‘004127 பார்க்க’. முடிந்தது. இரண்டு சாஃப்ட்வேருக்கும் ஒன்றையொன்று தெரிந்திருக்கவேண்டிய அவசியமே இல்லை.

இது புதுசு ஒன்றும் கிடையாது, நம் மாவட்டத்துச் சரக்குதான். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியை எடுத்தார். அதே வருஷம் செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில், நம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில், கோடரிகளைக் கண்டார்கள். அதன்பிறகு வாழ்நாளெல்லாம் ஊர் ஊராகச் சேர்த்தார். அந்தச் சேகரிப்பை 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கியது. அவர் 1912இல் இறந்துபோனார். எண்ணிட்ட பட்டியல் 1914இலும், காலமும் பரவலும் பற்றிய குறிப்புகள் 1916இலும் அச்சாகி வந்தன. சேர்த்த ஆள் போய்ச் சேர்ந்தபிறகும் எந்தக் கல் எந்த ஊருடையது என்று கேட்டால் பதில் சொல்கிற மாதிரி வேலையை முடித்து வைத்திருந்தார்.

அதே அத்திரம்பாக்கத்தில் 1999இலிருந்து சாந்தி பப்புவின் குழு தோண்டியது. ஏறக்குறைய 15 லட்சம் வருஷத்துக்கு முந்தைய கருவிகள் என்று 2011இல் சயின்ஸ் இதழில் வந்தது. இடைப் பழங்கற்காலக் கருவித் தொழில்நுட்பம் அங்கே 3,85,000 வருஷத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018இல் நேச்சர் இதழில் வந்தது. அதற்காக ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கற்களை அலசியிருந்தார்கள். ஒரு கல் எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்கிற தகவல் கல்லிலிருந்து அறுந்துபோனால் அது ஆற்றுக் கூழாங்கல்லோடு கூழாங்கல். பூண்டியில் இருக்கிற தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் கல்லைப் பார்க்கச் சொல்வதோடு விடாதீர்கள், பக்கத்தில் இருக்கும் சீட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு சாட்சி. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் 2005இலிருந்து சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ‘நூலக எண்’ என்று ஒன்றைக் கொடுக்கிறது. புத்தகமா, துண்டுப் பிரசுரமா, விழா மலரா என்றெல்லாம் பார்க்காமல் ஓடும் எண். எங்கள் ஷாப்பில் மில்லிங் ஓட்டிய தம்பி ஒருவன் கும்மிடிப்பூண்டி ஈழ அகதிகள் முகாமிலிருந்து வருவான். அவன் தாத்தா படித்த பள்ளிக்கூடத்தின் மலரை அதில் தேடி எடுத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் எனக்குப் போனில் காட்டினான். எனக்குக் கண்ணில் பட்டது அந்த எண். தொழில் புத்தி!

எண்ணிலேயே அர்த்தத்தைத் திணிக்கிற ஆசை உங்களுக்கு வரும். கஸ்டமருக்கு இரண்டெழுத்து, வருஷத்துக்கு இரண்டு இலக்கம், பார்ட் வகைக்கு ஓர் எழுத்து. நானும் செய்தேன். மூன்றாம் வருஷம் ஒரு கஸ்டமர் இன்னொரு கம்பெனிக்குக் கைமாறிப் பெயரே மாறிவிட்டது, ‘எம்’ என்றால் மெஷினிங்கா மோல்டிங்கா என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். எண் முட்டாளாகவே இருக்கட்டும். அறிவெல்லாம் பதிவேட்டு வரியில் இருக்கட்டும். வரியைத் திருத்தலாம், எண்ணைத் திருத்த முடியாது.

அந்த வரியில் என்ன எழுதுவது? இதற்கும் நம்மாள் ஒருவர் வழி சொல்லியிருக்கிறார். சீர்காழியில் 1892இல் பிறந்த ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். லண்டனுக்குப் படிக்கப் போனபோது ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அதே பட்டையையும் நட்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கோத்து விதவிதமாகச் செய்வது. நமக்கெல்லாம் ஃபிக்சர் ஞாபகம் வரும், அவருக்குப் புத்தக வகைப்பாடு ஞாபகம் வந்தது. ஒரு புத்தகத்தை ஒரே பெட்டியில் அடைக்காமல் அதைப் பல முகங்களாகப் பிரித்து, வேண்டியபடி கோப்பது. 1933இல் கோலன் வகைப்பாடு என்று வெளியிட்டார். பின்னாளில் அந்த முகங்களை ஐந்து என்று வகுத்தார்: முதன்மைப் பொருள், அது எதனால் ஆனது, அதில் என்ன நடக்கிறது, எங்கே, எப்போது.

இதைப் பட்டறை மொழியில் படியுங்கள். எந்தப் பார்ட், என்ன மெட்டீரியல், எந்த ஆபரேஷன், எந்த மெஷின், என்ன தேதி. டிரில்லிங்கில் விரிசல் விட்ட ஹப்பின் போட்டோ ஒன்று வந்தால், அது ‘ஹப்’ ஃபோல்டரிலா, ‘எஸ்ஜி அயர்ன்’ ஃபோல்டரிலா, ‘டிரில்லிங்’ ஃபோல்டரிலா என்று இனி யோசிக்க வேண்டாம். எண் ஒன்று, ஐந்து கட்டத்திலும் ஒரு சொல். எக்செல்லில் ஃபில்டர் போட்டால் எந்தப் பக்கத்திலிருந்தும் அந்தப் படத்துக்கு வந்து சேரலாம். டேக் போடும் சாஃப்ட்வேர் எல்லாம் உள்ளே செய்வது இதைத்தான். ஐந்துக்கு மேல் கட்டம் சேர்க்காதீர்கள். எங்கள் மேனேஜர் ஒருவர் இருபத்திரண்டு கட்டம் வைத்தார், நாலாம் நாளே எல்லாரும் எல்லாவற்றிலும் புள்ளி வைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வாட்ஸப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் பொய். அதை நிறுத்தச் சொன்னால் ஷாப்பே நின்றுவிடும், தெரியும். ஆனால் அதில் சாதாரணமாக அனுப்பும் போட்டோ சுருங்கித்தான் வந்து சேருகிறது. எடுத்த தேதி, கேமரா விவரம் மாதிரி படத்துக்குள் இருக்கும் தகவலும் உதிர்ந்துவிடுகிறது. பெயர் ஐஎம்ஜி, தேதி, டபிள்யூஏ, நாலு இலக்கம் என்று மாறிவிடும். அந்தத் தேதியும் நீங்கள் எடுத்த தேதியாக இருக்கவேண்டியதில்லை. மயிரிழை விரிசலைக் காட்ட எடுத்த படம் சுருங்கி வந்தால் விரிசலே காணாமல் போயிருக்கும்! போட்டோவை ‘டாக்குமென்ட்’ என்று இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், அப்படியே வரும். வாய்ஸ் மெசேஜைக் கேட்டு இரண்டு வரி எழுதி, அதற்கும் எண் போடுங்கள். எங்கள் 340 பீஸ் அந்த இரண்டு வரி இல்லாமல்தான் செத்தது.

தமிழில் டைப் பண்ணிய பழைய செட்டிங் ஷீட்டுகள் உங்களிடம் இருக்குமே, பாமினியோ வானவில்லோ. திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. அந்த ஃபாண்டு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் குப்பை, தேடினாலும் கிடைக்காது. ஒருமுறை உட்கார்ந்து யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அச்சுத் தமிழை டெசராக்ட் சுமாராகப் படிக்கிறது. ஃபோர்மேன் கையெழுத்துக்கு இயந்திரத்தை நம்ப முடியாது, நீங்கள்தான் படிக்கவேண்டும். அவர் ஓய்வு பெறுவதற்குள். அதேபோல் ஆட்டோகேட் ஃபைல் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பிடிஎஃப் பிரதி வையுங்கள். நெடுநாள் வைப்புக்கென்றே பிடிஎஃப்-ஏ என்று ஒரு தரம் 2005இலிருந்து இருக்கிறது.

எந்த சாஃப்ட்வேர் எடுத்தாலும் முதல் நாளே ஒரு சோதனை செய்யுங்கள். நூறு ஃபைலை ஏற்றுங்கள், டேக் போடுங்கள், குறிப்பு எழுதுங்கள். பிறகு அத்தனையையும் வெளியே எடுத்து, அந்த சாஃப்ட்வேர் இல்லாத இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். குறிப்பு படத்தோடு வந்ததா? பெயர் மாறாமல் இருக்கிறதா? வரவில்லையென்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். பிகாசாவில் வருஷக்கணக்கில் படம் அடுக்கியவர்கள் நம் ஏரியாவிலேயே எத்தனை பேர். 2016இல் கூகுள் அதை மூடியது. படங்கள் தப்பின. ஆல்பமாகவும் முகப் பெயராகவும் போட்டிருந்த உழைப்பு பலருக்கு அங்கேயே நின்றுபோனது. இரும்பு வாங்கும்போது ஸ்கிராப் விலையையும் விசாரிக்கிறவர்கள் நாம், இதிலும் விசாரிப்போம்.

இலவச கிளவுடில் கஸ்டமர் டிராயிங்கை ஏற்றாதீர்கள். கையெழுத்துப் போட்ட ரகசிய ஒப்பந்தம் உங்கள் கம்பெனி பீரோவில்தான் இருக்கிறது, எடுத்துப் படியுங்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்கிற செயற்கை நுண்ணறிவுச் சேவைகளுக்கும் இதே சட்டம். அவை 12.3ஐ 12.5 என்று துளியும் தயங்காமல் சொல்லக்கூடியவை என்பது கூடுதல் எச்சரிக்கை. மற்றபடி பிரதி மூன்று வைக்கவேண்டும், ஒன்று பட்டறைக்கு வெளியே இருக்கவேண்டும். 2015 டிசம்பர் மழையில் எங்கள் கீழ்த்தட்டு ட்ரேசிங் எல்லாம் அப்பளமாக ஊறிப்போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது ஹார்டு டிஸ்க் என் வீட்டுப் பரணில் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை. இதற்கெல்லாம் செலவு பெரும்பாலும் சம்பளம்தான், லைசென்ஸ் இல்லை. தினம் ஒரு மணி நேரம் உங்கள் ‘கம்ப்யூட்டர் பொண்ணை’ வேறு வேலைக்குக் கூப்பிடாமல் விடுங்கள். டெஸ்பாட்ச் அவசரத்தில் அவரை பேக்கிங்குக்கு இழுப்பது எனக்குத் தெரியும், நானும் பெட்டி கட்டியிருக்கிறேன். பழைய குவியல் முழுவதையும் ஒரே மூச்சில் எண் போடச் சொல்லவும் வேண்டாம். இன்றைக்கு வருவதிலிருந்து தொடங்கட்டும். பழையது கைக்கு வரும்போது அன்றைக்கு ஒரு எண்.

எப்போது தொடங்குவது என்று கேட்டால் விஜயதசமி நல்ல நாள். ஆயுத பூஜைக்கு லேத்தைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். கம்ப்யூட்டர் மானிட்டருக்கும் ஒரு பொட்டு வைக்கிறோம், உள்ளே இருப்பதை மட்டும் யாரும் துடைப்பதில்லை. மறுநாள் காலை பதிவேட்டைத் திறந்து 000001 எழுதுங்கள்.

கடைசியாக ஒரு உதவி. எங்கள் ஃபோர்மேன் அண்ணன் எதையும் தாளில் வரையமாட்டார். பெட்டி அட்டையைக் கிழித்து, மார்க்கரில் வரைந்து, மெஷின்காரன் கையில் கொடுத்துவிட்டுப் போவார். அவர் காலமானபிறகு அவருடைய லாக்கரிலிருந்து அப்படி நாற்பத்தொரு அட்டைகள் எனக்குக் கிடைத்தன. நாற்பதுக்கு எந்தப் பார்ட் என்று கண்டுபிடித்து வரி எழுதிவிட்டேன். ஒன்று மிச்சம். வட்டமான ஃபிளாஞ்ச், ஆறு துளை, அதில் ஒன்று மட்டும் கொஞ்சம் விலகி. அந்த விலகலுக்குப் பக்கத்தில் அம்புக்குறி போட்டு ‘இங்க பாத்து’ என்று எழுதியிருக்கிறார். அளவு எதுவும் இல்லை. பின்பக்கத்தில் டீக்கறை.

தொண்ணூறுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்படி ஒரு ஃபிளாஞ்ச் ஓட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், காலை ரயிலில் பொன்னேரியில் ஏறுகிற கண்ணாடிபோட்ட கிழவனைத் தேடுங்கள். அட்டை என் பையில்தான் இருக்கும். பதிவேட்டில் 011986க்கு எதிரே வரி காலியாக இருக்கிறது.